விரிசலைப் பூசிவிடும் முன்: பெங்களூரில் இடத்தைப் பார்வையிடவும் பாதுகாக்கவும் கோர்ட் உத்தரவு வாங்குவது எப்படி

மர்ஃபி டவுனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து சைட்டில் பேஸ்மென்ட் தோண்ட ஜேசிபி வந்த அன்றே நான் சண்டைக்குப் போனேன். மூன்றாம் நாள் எங்கள் சமையலறைச் சுவரில் மூலைவாட்டில் ஒரு விரிசல். நான்காம் நாளும் சண்டைதான். பத்தாம் நாள் அந்தக் கட்டடத்து மேஸ்திரி வந்து, "அண்ணா, நாங்களே பூசிக் கொடுத்துடறோம்" என்றார். வீட்டில் எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகத் தெரிந்தது. பூசி, சுண்ணாம்பும் அடித்துக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த முதல் விரிசலுக்கு இன்றைக்கு என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரம், பொங்கல் பானையைப் படம் எடுத்தபோது பின்னால் மங்கலாக விழுந்த ஒரு கோடு.

அதற்கப்புறம் வந்த விரிசல்களுக்காகத்தான் வக்கீலிடம் போனேன். கதையை முழுக்கக் கேட்டுவிட்டு அந்த அம்மா சொன்னது: "சண்டையை அப்புறம் போடலாம் சார். முதல்ல சுவரைப் பதிவு பண்ணணும்." சொத்து வழக்கில் பலரும் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். வழக்கு முடிய வருஷங்கள் ஆகும். சுவரும் குழியும் எல்லைக் கல்லும் அதுவரை அப்படியே இருக்காது. இருப்பதை இருக்கிறபடி கோர்ட் ஏட்டில் ஏற்றுவது எப்படி என்பதை, நான் பட்டுத் தெரிந்துகொண்ட வரைக்கும் எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. இதைப் படித்துவிட்டு வக்கீலிடம் போனால் அவர் பேசுவது புரியும், அவ்வளவுதான்.

எல்லாமே 'ஸ்டே' இல்லை

நம் ஆட்கள் கோர்ட் கொடுக்கும் எல்லா உத்தரவையும் 'ஸ்டே' என்றே சொல்வார்கள். இங்கே கன்னடத்தில் 'தடெயாஜ்ஞெ' என்பார்கள். ஆனால் நமக்கு வேண்டியது எது என்று பிரித்துக் கேட்கத் தெரியாவிட்டால் வேறு எதையோ வாங்கிக்கொண்டு வருவோம்.

1908ஆம் ஆண்டின் சிவில் நடைமுறைச் சட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதில் கட்டளை (வக்கீல்கள் 'ஆர்டர்' என்பார்கள்) 39, விதி 1 மற்றும் 2 என்பது தடுப்பதற்கு: இடிக்காதே, விற்காதே, கட்டாதே. இதற்கு மூன்று விஷயம் காட்ட வேண்டும். மேலோட்டமாகப் பார்த்தாலே நம் பக்கம் ஒரு வழக்கு இருக்கிறது. தடை கொடுக்காவிட்டால் நமக்கு வரும் கஷ்டம், கொடுத்தால் அவருக்கு வரும் கஷ்டத்தைவிடப் பெரியது. பின்னால் பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாத நஷ்டம் இது. மூன்றில் ஒன்று ஆட்டம் கண்டாலும் தடை கிடைப்பது கஷ்டம்.

அதே கட்டளை 39இன் விதி 7 வேறு வகை. வழக்குக்குரிய சொத்தை வைத்திருக்க, பாதுகாக்க, பார்வையிட உத்தரவிடலாம். எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் நிலத்துக்குள்ளோ கட்டடத்துக்குள்ளோ நுழைய ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கலாம். மாதிரி எடுக்க, அளந்து பார்க்க, சோதனை செய்து பார்க்கவும் அனுமதிக்கலாம். இதில் ஒரு நுணுக்கம் எனக்கு மிகவும் பயன்பட்டது. வழக்கின் பொருளான சொத்தோடு மட்டும் இந்த விதி நிற்பதில்லை. 'எதைப் பற்றி வழக்கில் கேள்வி எழக்கூடுமோ' அந்தச் சொத்துக்கும் பொருந்தும். என் வழக்கு என் சுவரைப் பற்றியது. ஆனால் கேள்வி எழுவது பக்கத்துக் குழியைப் பற்றி. அவர் இடத்துக்குள் போய்க் குழியின் ஆழத்தை அளக்கக் கேட்க முடிந்தது இதனால்தான்.

கட்டளை 26, விதி 9 என்பது கமிஷனர் போடுவது. கோர்ட் ஒருவரை, பெரும்பாலும் ஒரு வக்கீலை, இடத்துக்கு அனுப்பிப் பார்த்து ரிப்போர்ட் தரச் சொல்லும். எல்லைத் தகராறு என்றால் சர்வேயர் வருவார். கட்டடத்தின் பலம், மண்ணின் தன்மை போல நிபுணர் பார்க்க வேண்டிய விஷயமாக இருந்தால், அறிவியல் ஆய்வுக்கென்றே 1976 திருத்தத்தில் சேர்த்த விதி 10அ இருக்கிறது. அதன் கீழ் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கேட்கலாம். நடைமுறையில் பாதுகாக்கும் உத்தரவையும் கமிஷனரையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

மற்றவை உங்களுக்குத் தேவைப்படாமலும் போகலாம், பெயர் தெரிந்திருந்தால் போதும். கே.ஆர். மார்க்கெட்டில் பூ மூட்டை தகராறில் சிக்கினால் தீர்ப்பு வரும்வரை பூ காத்திருக்குமா? அழுகும் சரக்கை விற்றுவிடச் சொல்ல கட்டளை 39 விதி 6 உண்டு. வாடகை வரும் கட்டடத்தை அண்ணன் தம்பி இருவர் கையிலும் விடாமல், சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் போடும் ஆளான ரிசீவரிடம் கொடுக்க கட்டளை 40. மும்பை ஹைகோர்ட்டில் இதற்கென்றே கோர்ட் ரிசீவர் என்று தனி அலுவலகம் நடக்கிறது. எதிராளி சொத்தை விற்றுவிட்டு ஓடப் பார்க்கிறார் என்றால் தீர்ப்புக்கு முன்பே ஜப்தி செய்ய கட்டளை 38 விதி 5. பாகப்பிரிவினை வழக்கில் அம்மாவின் பேங்க் லாக்கரைத் திறந்து, என்னென்ன நகை இருக்கிறது என்று கமிஷனர் முன்னால் பட்டியல் போடக் கேட்பதும் உண்டு. ஸ்ரீராமபுரத்தில் எங்கள் உறவுக்காரர் குடும்பத்தில் அப்படிப் பட்டியல் போட்ட பிறகுதான் ஆளுக்கு ஒரு கணக்கு சொல்வது நின்றது.

வக்கீல் ஆபீசுக்குப் போகும் முன் ஒரு வாரம்

கோர்ட் உத்தரவு வருவதற்குள் ஆதாரம் போய்விடலாம். அதனால் முதல் வேலை உங்கள் கையில்தான்.

விரிசலைப் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து எடுங்கள். தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று. எந்த அறை, எந்தச் சுவர் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். விரிசல் முடியும் நுனியில் பென்சிலால் சின்னக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த வாரம் அது கோட்டைத் தாண்டியிருந்தால், கட்டடம் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். இன்ஜினியர்கள் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி வைப்பார்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். செலவு அதிகமில்லை. கோர்ட்டில் எடுத்துச் சொல்லவும் சுலபம்.

போனில் எடுத்த மூலப் படங்களை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவின்படி, மின்னணு ஆதாரத்தோடு ஒரு சான்றிதழ் தர வேண்டும். எந்தக் கருவியில் எடுத்தது என்பதும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் கேட்பார்கள். பழைய சட்டத்தில் 65பி என்று வக்கீல்கள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். எதிர் வீட்டு சிசிடிவியில் ஏதாவது பதிவாகியிருந்தால் அன்றே எழுத்தில் கேளுங்கள். அந்தப் பெட்டி பழையதை அழித்து அதன் மேலேயே புதியதைப் பதியும். நீங்கள் வக்கீல் தேடி முடிப்பதற்குள் போயிருக்கும்.

போலீஸுக்குப் போனால் "இது சிவில் மேட்டர்" என்று அனுப்பிவிடுவார்கள். பரவாயில்லை, புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மாநகராட்சி வார்டு இன்ஜினியருக்கும் எழுத்தில் ஒரு புகார் போகட்டும். பக்கத்துக் கட்டடத்துக்கு அனுமதித்த பிளான் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு. பேஸ்மென்டே இல்லாத பிளானுக்கு பேஸ்மென்ட் தோண்டுகிறார் என்று தெரியவந்தால் உங்கள் வழக்கின் எடையே கூடிவிடும். முன்பு நகரம் முழுக்க பிபிஎம்பி என்று ஒரே மாநகராட்சிதான். இப்போது 5 மாநகராட்சிகளாகப் பிரித்துவிட்டதால், உங்கள் வார்டு எதில் வருகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எங்களைப் போல எதிராளியைப் பூச விடாதீர்கள். மழைக்காலம், ஒழுகுகிறது, விட்டுவைக்க முடியாது என்றால், ஓர் இன்ஜினியரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு நீங்களே பூசுங்கள்.

வழக்கு இல்லாமல் மனு இல்லை

"கமிஷனர் மட்டும் வேணும் மேடம், வழக்கு வேணாம்" என்று நானும் கேட்டுப் பார்த்தேன். நடக்காது. வாதி இந்த உத்தரவைக் கேட்பது வழக்குத் தாக்கலான பிறகுதான். பிரதிவாதியும் கேட்கலாம், அவர் கோர்ட்டில் ஆஜரான பிறகு. விதிவிலக்கு ஒன்று உண்டு. பில்டரோடு போட்ட ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் (தகராறைக் கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்பது) ஷரத்து இருந்தால், 1996ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 9ஆம் பிரிவில், ஆர்பிட்ரேஷன் தொடங்கும் முன்பே இதே பாதுகாப்பைக் கோர்ட்டில் கேட்கலாம். உத்தரவு கிடைத்தால் 90 நாளுக்குள் ஆர்பிட்ரேஷனைத் தொடங்கிவிட வேண்டும். பிளாட் வாங்கியவர்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

பெங்களூர் நகரத்துச் சொத்து என்றால் பெரும்பாலும் சிட்டி சிவில் கோர்ட். கே.ஜி. ரோட்டில் பெரிய வளாகம், எம்.ஜி. ரோடு பக்கம் மேயோ ஹாலில் இன்னொரு யூனிட். வழக்கு இதில் எங்கே நடக்கும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது, வக்கீல் பார்த்துக்கொள்வார். ஒவ்வொரு நீதிபதியின் ஹாலுக்கும் சி.சி.எச். (சிட்டி சிவில் கோர்ட் ஹால்) என்று ஓர் எண். உங்கள் வழக்குக்கு ஓ.எஸ். (ஒரிஜினல் சூட், அதாவது அசல் வழக்கு) எண் விழும். 16 எழுத்தும் எண்ணும் கலந்த சி.என்.ஆர். என்று ஒன்றும் வரும். அதை வைத்து ஈகோர்ட்ஸ் ஆப்பில் வாய்தா தேதியை நீங்களே பார்க்கலாம். வக்கீல் குமாஸ்தாவை நச்சரிக்கும் வேலை மிச்சம்.

வழக்கோடு கொடுக்கும் இடைக்கால மனுவை எல்லோரும் ஐ.ஏ. என்பார்கள். தடைக்கு ஓர் ஐ.ஏ., கமிஷனருக்கு ஓர் ஐ.ஏ. என்று தனித்தனியாகப் போடுவது வழக்கம். ஒவ்வொன்றோடும் பிரமாண வாக்குமூலம் ஒன்று வரும். அதில் கையெழுத்துப் போடுவது நீங்கள், பதில் சொல்லப்போவதும் நீங்கள். ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ இருக்கும். புரியாவிட்டால் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போடுங்கள். 'வாசித்து விளக்கப்பட்டது' என்ற வரிக்கு மேல் கேட்காமலே கையெழுத்துப் போட்டவர்கள் குறுக்கு விசாரணையில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அவசரம் என்று வாக்குமூலத்தில் எழுதினால் மட்டும் போதாது, ஏன் அவசரம் என்று எழுத வேண்டும். சாதாரணமாக எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் உத்தரவு. நோட்டீஸ் கொடுக்கும் தாமதத்திலேயே நோக்கம் கெட்டுவிடும் என்று கோர்ட் நம்பினால் நோட்டீஸ் இல்லாமலே உத்தரவு கொடுக்கலாம். 'எதிராளி செல்வாக்குள்ளவர்' என்பது காரணம் ஆகாது. 'வரும் வாரம் கான்கிரீட் போடப்போகிறார், போட்டால் குழியின் ஆழத்தையும் மண்ணையும் அப்புறம் யாராலும் பார்க்க முடியாது' என்பது காரணம். எங்கள் மனுவில் பக்கத்துச் சைட்டில் வந்து இறங்கிய கம்பி லோடின் படத்தையும் சேர்த்திருந்தோம்.

நோட்டீஸ் இல்லாமல் தடை கிடைத்துவிட்டால் அதோடு ஒரு கடமையும் வருகிறது. மனு, வாக்குமூலம், பிளைன்ட் (வழக்கைத் தொடுக்கும் மனு), ஆவண நகல்கள் எல்லாவற்றையும் உடனே எதிராளிக்குப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், அல்லது நேரில் சேர்க்க வேண்டும். அனுப்பிவிட்டோம் என்று அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் வாக்குமூலம் போட வேண்டும். உத்தரவு கிடைத்த சந்தோஷத்தில் இதைக் கோட்டை விட்டால், எதிர் வக்கீல் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். அந்த மனுவை 30 நாளுக்குள் முடிக்கக் கோர்ட் முயல வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

கோர்ட் 'ஸ்டேட்டஸ் கோ', அதாவது இருக்கிற நிலையே தொடரட்டும் என்று மட்டும் சொன்னால் உடனே மகிழ்ந்துவிடாதீர்கள். இருக்கிற நிலை எது? அவர் பத்தடி தோண்டியாயிற்று என்பார், நீங்கள் ஆறடி என்பீர்கள். கமிஷனர் ரிப்போர்ட் இல்லாத ஸ்டேட்டஸ் கோ, அளவு எழுதாத விற்பனைப் பத்திரம் மாதிரி.

கமிஷனரிடம் என்ன கேட்பது

என்னைக் கேட்டால் பாதி வழக்கு இங்கேதான். கமிஷனர் தானாக எதையும் கண்டுபிடிக்க வருபவர் இல்லை. கோர்ட் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவார். அந்தக் கேள்விகளை 'மெமோ ஆஃப் இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்று இரு தரப்பும் கொடுக்கலாம்.

எங்கள் முதல் வரைவில் 'பக்கத்துக் கட்டட வேலையால் வாதியின் வீடு சேதமடைந்துள்ளதா என்று பார்க்கவும்' என்று எழுதியிருந்தேன். வக்கீல் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார். அது தீர்ப்பு, அதைச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. அதற்குப் பதிலாக எழுதியவை இப்படி: சமையலறைக் கிழக்குச் சுவரில் உள்ள விரிசல்களின் நீளமும் அகலமும் என்ன? அவை சுவரின் மறுபக்கத்திலும் தெரிகின்றனவா? குழியின் ஆழம், எங்கள் அஸ்திவாரத்திலிருந்து குழியின் விளிம்புக்கு உள்ள தூரம் எவ்வளவு? குழியின் ஓரத்தில் மண் சரியாமல் தாங்க ஏதாவது வைத்திருக்கிறார்களா, இருந்தால் என்ன? தண்ணீர் தேங்கியிருக்கிறதா? எல்லாவற்றையும் படம் எடுத்து, ஸ்கெட்ச் போட்டுச் சேர்க்கவும். கண்ணால் பார்த்து, டேப்பால் அளந்து பதில் சொல்லக்கூடிய கேள்விகள் இவை.

நிலம் யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லவும் கமிஷனரை அனுப்ப முடியாது என்றே கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதைச் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டியது கட்சிக்காரர். ஆதாரம் திரட்டிக் கொடுக்கும் வேலைக்குக் கமிஷனர் இல்லை என்ற காரணத்தில் தள்ளுபடியாகும் மனுக்கள் நிறைய.

உத்தரவில் இன்னும் மூன்று விஷயம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ரிப்போர்ட் தர வேண்டிய தேதி, நுழைய விடாவிட்டால் போலீஸ் உதவி, பூட்டியிருந்தால் திறக்க அனுமதி. கடைசி இரண்டும் இல்லாவிட்டால் கமிஷனர் வாசல் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போவார். நீங்கள் இன்னொரு ஐ.ஏ. போட வேண்டியிருக்கும். கமிஷனர் சம்பளத்தைக் கோர்ட் நிர்ணயிக்கும். பொதுவாகக் கேட்டவர்தான் முதலில் கட்ட வேண்டும்.

கையில் பணம் இல்லை என்பதற்காகக் கைவிடாதீர்கள். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள் போன்றவர்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் தர 1987ஆம் ஆண்டு சட்டம் ஒன்று இருக்கிறது. சித்தையா ரோட்டில் நியாய தேகுலா கட்டடத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இயங்குகிறது. போனில் 15100.

கமிஷனர் வரும் நாள்

இரு தரப்புக்கும் நோட்டீஸ் கொடுத்துவிட்டுத்தான் வருவார். எதிராளி வராவிட்டாலும் பார்க்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவரும் வக்கீலும் இருந்தால் போதும், தெருவைக் கூட்டாதீர்கள். எங்கள் வீட்டில் காபி, மிக்சர் எல்லாம் தயாராக வைத்திருந்தோம். கமிஷனர் தண்ணீர்கூட வாங்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. அப்படி இருப்பவர்தான் நமக்கு நல்லது என்று அப்புறம் புரிந்தது.

டேப், டார்ச், ஏணி தயாராக இருக்கட்டும். பீரோவை நகர்த்தினால்தான் விரிசல் தெரியும் என்றால் முந்தைய நாளே நகர்த்தி வைத்துவிடுங்கள். அவரிடம் பழைய கதை சொல்லாதீர்கள், இடத்தை மட்டும் காட்டுங்கள். அங்கேயே மஹஜர் (இடத்தில் பார்த்ததைப் பற்றிய குறிப்பு) எழுதிக் கையெழுத்துக் கேட்டால், கன்னடத்தில் இருந்தால் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அளவு தப்பாக விழுந்திருந்தால் அந்த இடத்திலேயே பணிவாகச் சொல்லி, எழுத்திலும் ஒரு மெமோ கொடுத்துவிடுங்கள்.

ரிப்போர்ட் வந்த பிறகு

ரிப்போர்ட்டும் கமிஷனர் பதிவு செய்த சாட்சியமும் வழக்கில் ஆதாரமாகவே சேர்ந்துவிடும். ஆனால் அது தீர்ப்பு இல்லை, கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. தப்பு இருந்தால் ஆட்சேபணை போடலாம், கமிஷனரைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்க அனுமதி கேட்கலாம். கோர்ட்டுக்கே திருப்தி இல்லையென்றால் மறுபடி விசாரிக்கச் சொல்லும். ஆட்சேபணையில் கமிஷனரைத் திட்டாதீர்கள். எந்தப் பாராவில் எந்த அளவு தப்பு என்று மட்டும் எழுதுங்கள்.

தடை உத்தரவை மீறினால் கட்டளை 39இன் விதி 2அ இருக்கிறது: சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையிலும் வைக்கலாம். மீறினார் என்று காட்டவும் தேதியோடு படம் வேண்டும். வழக்கு நடக்கும்போதே அவர் இடத்தை விற்றுவிட்டால்? வழக்கில் அந்த இடத்தின் மீது உரிமைத் தகராறு இருந்தால், வாங்கியவரையும் தீர்ப்பு கட்டுப்படுத்தும், சொத்து மாற்றுச் சட்டம் 52ஆம் பிரிவின்படி.

நீங்களே பிரதிவாதியாக இருந்தால்

வழக்கு வரப்போகிறது என்று வாடை அடித்தாலே சிவில் நடைமுறைச் சட்டம் 148அ பிரிவின் கீழ் கேவியட், அதாவது என்னைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்ற மனு, போட்டு வையுங்கள்; 90 நாள் செல்லும். உங்களுக்குத் தெரியாமல் உத்தரவு போவதைத் தடுக்க இதுதான் வழி. கமிஷனர் வந்தால் வாசலில் மறிக்காதீர்கள். மறிப்பவரிடம் மறைக்க ஏதோ இருக்கிறது என்றுதான் நீதிபதிக்குத் தோன்றும்; உங்கள் கையில் இருக்கும் ஆதாரத்தைக் காட்டாவிட்டால் அது உங்களுக்குப் பாதகமானது என்று கோர்ட் அனுமானிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அதைவிட, உங்கள் மெமோவையும் கொடுங்கள்: வாதியின் வீடு எத்தனை வருஷப் பழசு, பழைய பூச்சுக்கு மேல் இருக்கும் விரிசல் எது, அவர் அனுமதியில்லாமல் மேலே மாடி ஏற்றியிருக்கிறாரா? தடையை நீக்கவோ மாற்றவோ கட்டளை 39இன் விதி 4இல் மனு போடலாம். தடை உத்தரவுக்கு அப்பீல் உண்டு. விதி 7 பார்வை உத்தரவுக்கு அந்த அப்பீல் பட்டியலில் இடமில்லை. அரசியலமைப்பின் 227ஆம் பிரிவில் ஹைகோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

எங்கள் எதிராளி அப்படி ஒரு மெமோ கொடுத்தார். அதில் ஒரு கேள்வி, 'சமையலறைச் சுவரில் புதுப் பூச்சு இருக்கிறதா?' இருக்கிறது என்று கமிஷனர் எழுதினார். யார் பூசினார்கள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அடுத்த வாய்தாவில் அதைச் சொல்லப் பொங்கல் பானைப் படத்தையும் அதற்கான 63ஆம் பிரிவுச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.